அட்டைக்கட்டில் வைக்காத பாஸ்வேர்டு

இன்று திருப்போரூரில் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்திலேயே பாஸ்வேர்டை எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம் படிக்கலாம். என்னால் அங்கே நிற்கவே முடியவில்லை. வந்த வேலையை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினேன். நீ இருந்திருந்தால் கடைக்காரனை ஒரு வழி பண்ணியிருப்பாய்.

எழுபதுகளில், மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரையில் நாம் வேலை பார்த்த கம்ப்யூட்டர் அறையில் எல்லாமே துளை போட்ட அட்டைகள்தான். தினமும் சாயங்காலம் ஓட வேண்டிய வேலைக்கு ஆளுக்கொரு கட்டு. அதில் ஓர் அட்டை பாஸ்வேர்டு. நாங்கள் அதையும் கட்டோடு சேர்த்து, இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கான தட்டில் போட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடுவோம். எழுத்து அச்சாகாமல் துளை மட்டும்தானே இருக்கிறது, யாருக்குப் புரியும் என்ற தைரியம். ஒருநாள் என் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இன்னா மச்சான், பொண்டாட்டி பேரா?" என்றாய். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உன் கட்டில் மட்டும் அந்த அட்டை இருக்காது. சட்டைப் பையில் வைத்திருப்பாய். இயந்திரத்தில் போடும்போது செருகி, படித்து முடித்ததும் உருவிக்கொண்டுதான் கிளம்புவாய்.

படாளத்தில் உன் அப்பா படுத்த படுக்கையானபோதுதான், உன் வேலையையும் ஓட்டச் சொல்லி அந்த அட்டையை என்னிடம் கொடுத்தாய். திரும்பி வந்த அன்றே பாஸ்வேர்டை மாற்றினாய். எனக்குச் சுருக்கென்றது.

"என் மேல நம்பிக்க இல்லியா?"

"நம்பிக்க கீது மச்சான். நாளைக்கு எதுனா காணாம போனா உன்ன கூப்ட்டு கேக்கக் கூடாது. அதுக்குத்தான்."

காணாமல் போகத்தான் செய்தது. உன் கணக்கில் இருந்த கோப்புகளை யாரோ அழித்துவிட்டார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. பாஸ்வேர்டு யாரிடம் இருந்தது என்று மேலதிகாரி கேட்டார்.

"என்கிட்ட மட்டும்தான் சார்."

உன்னைக் கம்ப்யூட்டர் பக்கமே வரவிடாமல் கிடங்குக்கு மாற்றினார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று செங்கல்பட்டு பஸ்ஸில் நான் பொருமிக்கொண்டே வந்தேன். "வுடு மச்சான், பேஜாரு பண்ணாத" என்று சொல்லிவிட்டு நீ தூங்கிப் போனாய். எனக்கு எரிச்சலாக வந்தது. நீ செத்துப் போன பிறகும் அந்த எரிச்சல் அடங்கவில்லை. அன்றைக்குப் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்தால் நம் இருவரையும்தானே கேட்டிருப்பார்கள்? பழி பாதிப் பாதியாகியிருக்கும். நீ எனக்குத் தராமல் போன அந்தப் பாதியைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.