தெளியக் காத்திருந்த ரத்தம்

அண்ணி,

நேற்று இவருக்கு இருமல் மருந்து கொடுக்கப் புட்டியைக் குலுக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன?" என்றார். சொன்னால் நீளும் என்று விட்டுவிட்டேன். உங்களிடம் சொல்லலாம்.

அறுபதுகளின் நடுவில், முதல் பிரசவத்துக்குச் செஞ்சிக்கு வந்திருந்தேன். ஏழாம் மாதம். உடம்பில் ரத்தமே இல்லை. நாலடி நடந்தால் மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். உங்கள் ரத்தம் என்னுடையதோடு ஒத்துப்போனது. ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நீங்கள் கையை நீட்டினீர்கள். முழு ரத்தத்தையும் ஏற்றினால் என் இதயம் தாங்காது என்றார் டாக்டர். அதனால் புட்டியை வார்டு மூலையில் இருந்த குளிர்பெட்டியில் இரவெல்லாம் அசையாமல் நிறுத்தினார்கள். சிவப்பு அடியில் தங்கியதும், மேலே தெளிந்த மஞ்சள் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, சிவப்பை மட்டும் ஏற்ற வேண்டும்.

காலையில் நர்ஸ் புட்டியை மேசைமேல் வைத்துவிட்டு ஊசி எடுக்கப் போனாள். மூன்று வேளையும் என் மருந்தைக் குலுக்கிக் குலுக்கிக் கொடுத்துப் பழகிய கை உங்களுடையது.

"இன்னா கண்ணு இது, பால் திரிஞ்ச மாரி இருக்குது!" என்று எடுத்து நன்றாகக் குலுக்கிவிட்டீர்கள்.

நர்ஸ் அலறினாள். "ஐயையோ, இன்னாம்மா பண்ணிட்ட? இது இன்னா டானிக்கா?"

மறுபடி தெளியச் சாயங்காலம் ஆகும். அதுவரை நான் தாங்குவேன் என்று யாரும் சொல்லவில்லை. மூடிய குளிர்பெட்டியின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தீர்கள். பொழுது ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியது. இருட்டினால் உண்ணாத ஜைன வீடு நம்முடையது.

"ரத்தம் குடுத்த உடம்பும்மா. போய்ச் சாப்டுட்டு வா" என்றாள் நர்ஸ்.

"எப்டிப் போறது? எவளாவது வந்து குலுக்கிட்டா?"

வார்டே சிரித்தது. மூச்சு வாங்க நானும் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அன்று பட்டினிதான்.

விளக்கு வைத்தபின் சிவப்பு சொட்டுச் சொட்டாக இறங்கியது. படுத்தால் மூச்சு முட்டும் என்று வாரக்கணக்கில் உட்கார்ந்தே தூங்கியவள், விடியும்போது தலையணைகளை எடுக்கச் சொல்லி நீட்டிப் படுத்தேன். அப்போதுதான் அழுதீர்கள்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். உங்கள் பயம் மட்டும் போகவில்லை. அவள் நடக்கத் தாமதித்தபோது, "நான் குலுக்குனதாலயா?" என்றீர்கள். கணக்குப் பாடத்தில் தோற்றபோதும் அதையே கேட்டீர்கள்! கடைசியில் ஒரு டாக்டரிடமே விசாரித்தேன். நேரம் வீணானதைத் தவிர ஒன்றுமில்லை என்றார். நீங்கள் படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் அதை உங்களிடம் சொல்ல முடிந்தது. "அப்பாடா" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். அடுத்த வாரம் போய்விட்டீர்கள்.

ஏற்றிய ரத்தம் சில மாதங்களுக்குமேல் நிற்காதாம். உங்களுடையது எப்போதோ தீர்ந்திருக்கும். ஆனாலும் படுத்ததும் ஒருமுறை மூச்சை முழுதாக இழுத்துப் பார்க்கிறேன்.

தடையில்லாமல் போகிறது, அண்ணி.