எலுமிச்சைத் தோல் மாறிய மதியம்

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அக்கா மூவரும் சுகம். நீயும் சுகம்தான் என்று எழுத ஆசை, ஆனால் ஒன்பது நாளாக நீ போனை எடுக்கவில்லை, தெரியாததை எழுத எனக்குக் கை வரவில்லை. அப்பா மூட்டுவலியை மறந்துவிட்டு இப்போது பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிப்பதைப் பற்றிப் புலம்புகிறார். அக்காவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அந்தத் தலைக்கனத்தில் வீட்டில் ஒரு தட்டைக்கூடக் கழுவுவதில்லை.

எனக்குத்தான் செவ்வாய்க்கிழமை உயிர் போய் உயிர் வந்தது. நான் மதுக் கவுண்டரில் நிற்கும் ஸ்டேக் ஹவுஸ் ஓட்டலுக்கு மதியம் பெரிய ஆட்கள் தொழில் பேச வருவார்கள் என்று உனக்குத் தெரியும். அவர்களில் நீலக்கோட்டுக்காரர் ஒருவர், குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது, அது தன்னோடு வருகிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்பார். அதனால் எல்லோருக்கும் டானிக் சோடாவில் ஜின் கலக்கும்போது அவருக்கு மட்டும் ஜின் இல்லாத வெறும் டானிக்கை அதே கனத்த கிளாஸில், அதே பெரிய ஐஸ்கட்டியோடு கொடுப்பேன். மற்றவர்களுக்கு எலுமிச்சை வில்லை, அவருக்குச் சுருட்டிய தோல், அதுதான் எங்கள் இருவருக்குள் அடையாளம். அன்று நான்கு கிளாஸையும் ஊற்றி வைத்துவிட்டு, நீ கூப்பிட்டாயா என்று கவுண்டருக்குக் கீழே போனைப் பார்த்தேன். நிமிர்ந்து தோலைப் பக்கத்து கிளாஸில் போட்டுவிட்டேன். அவருடைய டானிக்கைக் குடித்த ஆள் பிரமாதம் என்று தலையாட்டினார். நீலக்கோட்டுக்காரர் ஒரு வாய் எடுத்ததும் முகம் மாறியது. விழுங்கவில்லை, கைக்குட்டையில் துப்பிவிட்டு, இருமுவதுபோல் எழுந்து என்னிடம் வந்தார். தப்பு என்னோடதுதான் சார் என்றேன். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அதெல்லாம் அப்புறம்மா, இப்ப நாக்குல அந்த ருசி இருக்கு, அது போற வரைக்கும் எதிர்ல நில்லுங்க, ஒண்ணும் பேச வேணாம் என்றார். நின்றேன். ஆர்டர் சீட்டுகள் குவிந்தன, மேனேஜர் முறைத்தார், அவர் கவுண்டர் விளிம்பை விடவே இல்லை. கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு மேசைக்குப் போனார். மேனேஜரிடம் கிளாஸ் மாறிவிட்டது என்று மட்டும் சொன்னேன், எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார், அது கிடக்கட்டும்.

நீ குடியை விட்டு ஏழு மாசம் ஆகிறது. சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், மறுபடியும் குடித்துவிட்டாயா, அந்த வெட்கத்தில்தான் போனை எடுக்கவில்லையா? எனக்குப் பயமாக இருக்கிறது. போன தடவை நீ உண்மையைச் சொன்னபோது நான் கத்தினேன், பாதியில் போனை வைத்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அந்தக் கால் மணி நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. இந்த முறை திட்டமாட்டேன், அழமாட்டேன். நீ ஒன்றும் பேச வேண்டாம், போனை எடுத்துக் காதில் வை, அது போகிற வரைக்கும் நான் இந்தப் பக்கம் இருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தனியாக அறையில் அடைந்து கிடக்காதே. நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, என் போன் இப்போது கவுண்டருக்குக் கீழே இல்லை, மேலேயே இருக்கிறது, மேனேஜருக்கும் தெரியும். எத்தனை பேர் நின்றாலும் எடுப்பேன்.

உன் அம்மா