ஊதாக் கறை

மார்லிஸ்,

பத்து மணிக்கு, வீட்டைச் சூடாக்குற ஃபர்னஸை ரிப்பேர் பண்றவர் வருவார். காத்து இழுக்குற பைப்பும் புகை விடுற பைப்பும் பனியில புதையுதுன்னு, ரெண்டையும் வெட்டி எடுத்து உசத்தி மாட்டப் போறார்.

நேத்து நீ சொன்னதுதான் சரி. பைப்பைத் தாழ வைக்கச் சொன்னது நான்தான். அதை மாட்டின நம்ம நீல்ஸ், "இன்னும் ரெண்டடி ஏத்தணும்ப்பா"ன்னு அப்பவே சொன்னான். செத்துப்போன பிள்ளை மேல பழியப் போட்டுட்டேன்.

காட்டரிசி சூப் ஃப்ரிட்ஜில இருக்கு, சுடவச்சு சாப்பிடு. நான் பனி தள்ளுற வண்டி ஓட்டப் போறேன்.

ஆர்விட்

கீழ்த்தளத்துல, பைப் வளையுற இடத்துல, ஒட்டுற பசைக்கு முன்னாடி பூசுற ஊதா மருந்துல நீல்ஸோட கட்டைவிரல் ரேகை பதிஞ்சிருக்கும். அன்னைக்கு "துடைடா அதை"ன்னு கத்தினேன். வெட்டி எடுக்குறதுல அந்தப் பைப் துண்டை மட்டும் ஃபர்னஸ்காரர்கிட்ட வாங்கி வை. அவர் துடைச்சுக் கொடுத்துடப் போறார், முன்னாடியே சொல்லிடு.