தானாக நகர்ந்த அம்பு

இன்று காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் மவுஸ் அம்பின் பக்கத்தில் அந்த நீல வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஒரு நொடி நிற்கும், மறுபடி சுற்றும். ஒரு வாரமாக இதே சேட்டை. நேற்றுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இன்று புத்தலப்பட்டிலிருந்து வந்த அம்மா ஒருத்தி, மகளின் கல்யாணப் பத்திரிகையை வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று எதிரே உட்கார்ந்துவிட்டாள். பாதி உறவுக்குத் தமிழ், மீதிக்குத் தெலுங்கு. இரண்டையும் அடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு என்று உங்களுக்குத் தெரியாததா? ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வந்து சேர்வதற்குள் எனக்கு உயிர் போகிறது.

"இன்னாம்மா, சக்கரம் சுத்திக்கினே கீது? இன்னைக்கு ஆவுமா ஆவாதா?" என்றாள்.

பென்டிரைவைப் பிடுங்கிப் பார்த்தேன். அணைத்துப் போட்டேன். வைரஸ் இருக்கிறதா என்று தேடவிட்டேன். ஒன்றுக்கும் அசையவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அந்தப் பேச்சே உங்களுக்கு ஆகாது. "காரணம் தெரியாம தொடைச்சா மறுபடி வரும்மே. ஒண்ணொண்ணா நிறுத்திப் பாரு" என்பீர்கள்.

சொல்வதோடு சரி. பெங்களூரில் ஊரார் ஆபீஸ் கம்ப்யூட்டரையெல்லாம் சரிசெய்துவிட்டு, சித்தூரில் சொந்த வீட்டுக் கம்ப்யூட்டரை வருகிற வாரம் பார்க்கிறேன் என்று தள்ளிப்போட்ட மகாராஜா நீங்கள். திருப்பதி ரிப்பேர் கடையில் இருந்தபோது இந்தத் தொல்லை இல்லை. சாயங்காலம் வீடு திரும்பும் ரயில் பாகாலா ஸ்டேஷனைத் தாண்டியதும் உங்கள் போன் வரும், நான் உலை வைப்பேன். அந்தச் சம்பளத்துக்கும் வயிறு நிறையத்தான் செய்தது. எல்லோரும் பெங்களூர் போகிறார்கள் என்று நாமும் பேசிப் பேசி முடிவெடுத்தோம். கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, திருப்பதியிலேயே சொந்தக் கடை போடுவதாக ஏற்பாடு. கடைக்குப் பெயர்கூட வைத்துவிட்டோம்.

நீங்கள் பெங்களூர் போன புதிதில் ஒரு மத்தியானம், நான் தொடாமலே அம்பு நகர்ந்தது. அலறிக்கொண்டு எழுந்தேன். அது பாட்டுக்குப் போய் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ் ஒவ்வொன்றாக விழுந்தது: "சோறு துன்னியா?" தூரத்திலிருந்து இயக்கும் ஏதோ ஒரு ப்ரோக்ராமை, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது எனக்குத் தெரியாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

அப்புறம் அதுதான் வழக்கமாகிவிட்டது. எழுத்துரு தகராறு செய்தால் போன் செய்வேன். "கைய எடுமே, நான் பாக்கறேன்" என்பீர்கள். "என் வூட்டு மிஷினு, நான் ஏன் எடுக்கணும்?" என்று நான் மவுஸை இந்தப் பக்கம் இழுப்பேன், நீங்கள் பெங்களூரிலிருந்து அந்தப் பக்கம் இழுப்பீர்கள். அம்பு நடுவில் கிடந்து தத்தளிக்கும். கோபம் வந்தால் ப்ரோக்ராமையே மூடிவிடுவேன். அதற்கும் ஒரு வேலை செய்து வைத்தீர்கள். "நீ எத்தினி தபா மூடினாலும் அது தானா எந்திரிச்சி வரும், பாரு" என்றீர்கள். "வெக்கங்கெட்ட ப்ரோக்ராமுங்க" என்றேன். "ஆள் எப்படியோ அப்படி" என்று சிரித்தீர்கள்.

சிரித்தது போதும், வீடு வந்து சேருங்கள் என்று யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, அசதியில் தூங்கிவிடுவீர்கள். எழுந்தால் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். மற்ற நாளெல்லாம் நான் குடும்பம் நடத்தியது அந்த அம்போடுதான். போன வருஷம் உங்களை மார்வலி என்று அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பஸ்ஸில் பாதி வழி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சொந்தக் கடை போகட்டும், அந்தத் திருப்பதிச் சம்பளத்திலேயே இருந்திருக்கலாமுங்க. தினமும் உங்களைப் பார்த்திருப்பேன்.

இன்று நீங்கள் சொன்னபடி ஒன்றொன்றாக நிறுத்திப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் பட்டியலில் ஒரு பெயர் மட்டும் வருவதும் மறைவதுமாக இருந்தது. அது வரும்போது வட்டம் சுற்றியது, மறைந்தால் நின்றது. உங்கள் ப்ரோக்ராம்தான். ஆபீஸில் அதற்கு உங்கள் பெயரில் இருந்த கணக்கை இப்போதுதான் மூடியிருப்பார்கள் போலிருக்கிறது. உங்களைத் தேடுகிறது, கிடைக்காமல் விழுகிறது, நீங்கள் பழக்கிவிட்டபடி மறுபடி எழுந்து தேடுகிறது.

"இன்னாம்மா, கண்ணுல தண்ணி வருது?" என்றாள் அந்த அம்மா. அவள் மகளுக்குக் கல்யாணம். அந்தக் கல்யாண வேலை என்னால் நிற்கக் கூடாது.

ஒரு ப்ரோக்ராமை எப்படி எடுப்பது என்று எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. அம்பு எங்கே போகிறது, எதைத் திறக்கிறது, எங்கே இரண்டு முறை தட்டுகிறது என்று இத்தனை நாள் வேடிக்கை பார்த்ததில் படிந்ததுதான். உங்கள் கை போன வழியிலேயே என் கையும் போனது. நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. ஆம் என்று தட்டினேன்.

வட்டம் போய்விட்டது. பத்திரிகை இரண்டு மொழியிலும் முடிந்து, அந்த அம்மா சந்தோஷமாகப் போனாள். மிஷின் பறக்கிறது. எனக்கு இந்த வேகம் வேண்டாமுங்க.