அளவுக்கு நின்றவர்

பாவா,

விரல்களிலிருந்து படம் கழுவும் ஹைப்போ வாடை இன்னும் போகவில்லை. "இன்னா மச்சான், புளிச்ச கஞ்சி மாரி நாறுது" என்று ஒவ்வொரு தடவையும் முகம் சுளிப்பீர்கள். இரண்டு நாளாக இருட்டறையில் உங்கள் முகத்தைப் பெரிதாக்கப் பார்த்தேன். வருஷத் திதி நெருங்குகிறது. சுவரில் மாட்ட உங்கள் முகம் வேண்டும் என்கிறாள் அக்கா. கல்யாணப் படத்தில் நெற்றியில் கட்டிய பாசிங்கமும் மாலையும்தான் தெரிகின்றன. நடுவில் இருப்பவர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். திருத்தணிக் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருப்பவனின் அக்கா புருஷனுக்கு ஒரு முகப்படம் இல்லை என்றால் ஊர் சிரிக்காதா?

இல்லாமல் போனதற்குக் காரணம் அந்தப் பழைய புத்தகம். மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்து கிடந்ததை வாங்கி வந்தேன். வெள்ளைக்காரர்கள் இந்தத் தேசத்துக்குக் கேமரா கொண்டுவந்த ஆரம்ப காலத்தில் எடுத்த கோயில்களும் ஆறுகளும். அமாவாசைக்குத் தறி ஓடாது என்று பள்ளிப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்த நீங்கள், அதை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினீர்கள்.

"ஆத்துல தண்ணியக் காணோம், பொகை ஓடிகினு இருக்குது. படித்துறையில ஒரு ஆளக்கூட காணோம். ஊரக் காலி பண்ணிட்டா எடுத்தான்?"

அந்தக் காலத்துக் கேமராவுக்கு ஒரு படம் பிடிக்க நேரம் பிடிக்கும், அதற்குள் அசைந்ததெல்லாம் கரைந்துவிடும் என்றேன். குளித்தவர்களும் துவைத்தவர்களும் அங்கேதான் இருந்திருப்பார்கள், படத்தில் விழவில்லை. ஒரு தூணருகே மட்டும் வேட்டி கட்டிய ஒருவர் கல்லோடு கல்லாக நின்றிருந்தார். தூணின் உயரம் தெரிவதற்காக நிறுத்தி வைத்த ஆள். கீழே கோயில் பேர் இருந்தது, ஆற்றின் பேர் இருந்தது, எடுத்தவன் பேரும் இருந்தது. நீங்கள் அந்த ஆளின் பேரைக் கேட்டீர்கள். போடவில்லை என்றேன்.

"நின்னவனுக்குத்தானே கால் வலிச்சிருக்கும்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நமக்கும் அதே பைத்தியம் பிடித்தது. நந்தி ஆற்றில் தண்ணீர் வரும் மாதங்களில், வெளிச்சம் இறங்கும் நேரமாகப் பார்த்து, கேமராவை முக்காலியில் ஏற்றி வெகுநேரம் திறந்து வைப்பேன். ஆறு புகையாகிவிடும். கரையிலிருந்த கல் மண்டபத்துக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்பீர்கள். "தறியில உக்காந்தா கையும் காலும் ஓடிகினே இருக்கணும். உங்கிட்ட வந்தா மூச்சுகூட வுடக் கூடாது. நல்ல எடத்துல பொண்ணு எடுத்தேன் போ." கிட்டே வந்து முகத்தை எடுக்கிறேன் என்றால் நழுவிவிடுவீர்கள். "மூஞ்சிய வெச்சுகினு இன்னா பண்ணப் போற? மண்டபத்தாண்ட நின்னாதான் நமக்கும் ஒரு மருவாதி." உங்களுக்கு உயரம் கொஞ்சம் கம்மி. உங்கள் பக்கத்தில் அந்தச் சின்ன மண்டபம் கோபுரமாகிவிட்டது. அதைச் சொல்லி நான் கேலி செய்யாத அமாவாசை கிடையாது.

அப்படி எடுத்ததில் ஒன்றைத்தான் பெரிதாக்கினேன், தலையை மட்டும். மூக்கு வரும் என்று பார்த்தால் மணல் மணலாக வந்தது. இன்னும் பெரிதாக்கினேன், அந்த மணலும் பிரிந்துபோனது. தொழில் தெரிந்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் மருந்துத் தட்டிலிருந்து தாளைத் தூக்கும்போது அழுகை வந்துவிட்டது, பாவா.

வேறு வழியில்லாமல் இன்று காலை ஆற்றுப் படத்தை முழுசாகவே சட்டம் போட்டு எடுத்துப்போனேன். "எங்கடா அவரு?" என்றாள் அக்கா. காட்டினேன். நகத்தளவுகூட இல்லை. கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"ஆங், இவருதான். வலது தோள எறக்கிகினு நிக்கிறாரு பாரு."

உடனே சந்தனம் குழைத்து வந்தாள். விரலில் எடுத்த பொட்டைக் கண்ணாடி வரைக்கும் கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள். வைத்தால் நெற்றி மட்டுமல்ல, நீங்களே மறைந்துபோவீர்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"பொட்டு வாணாம்டா. மாலையும் வாணாம். இருக்கிற மாரியே இருக்கட்டும்."

ஆகவே படத்தைப் பொட்டில்லாமல்தான் மாட்டினோம். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் ஆற்றுப் படம். திதிக்கென்று மணவூரிலிருந்து முன்னதாகவே வந்துவிட்ட ஒரு சொந்தக்காரர், "ஓரமா யாரோ இருக்காங்களே, யாரு?" என்று கேட்டார். "எங்க பாவா நிக்கிறாரு" என்றேன். நின்றார் என்று சொல்ல எனக்கு வரவில்லை.