பூஜ்ஜியத்துக்கு என் ரத்தம்

என்னங்க,

சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. பயப்படாதீர்கள், நான் கை வைக்கவில்லை. ஆளைக் கூப்பிட்டுத்தான் சரிசெய்தேன்.

நாம் இனிப் பேசுவதில்லை என்று முடிவெடுத்த விஷயத்தை நான் எழுதப்போவதில்லை. இது ஆய்வகச் செய்தி மட்டும்.

கர்ப்ப ஹார்மோனை ஒரு சொட்டு ரத்தத்தில் அளக்கும் சென்சார் செய்கிறோம் இல்லையா? அந்த ஹார்மோன் துளியும் இல்லாத ஒரு பெண்ணின் ரத்தத்தை முதலில் வைத்து, கருவி பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பார்ப்போம். இத்தனை வருடமாக அதற்கு என் ரத்தம்தான். "அக்கா ரத்தம்னா கண்ணை மூடிட்டு நம்பலாம்" என்பார்கள். நானும் சிரித்தபடி விரலை நீட்டுவேன். அந்தச் சிரிப்பு உங்களுக்குத் தெரியும்.

இன்று கருவி பூஜ்ஜியத்துக்கு வரவே மாட்டேன் என்றது. சென்சார் பட்டையை மாற்றிப் பார்த்தும் அதே அடம். "எல்லாம் போச்சுக்கா, முதல்லேருந்து செய்யணும்" என்று எஞ்சினியர் தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் எரிச்சலில் தன் விரலையே குத்தி வைத்தார். அவருக்குச் சமர்த்தாகப் பூஜ்ஜியம் காட்டியது.

பிறகு அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு, "அக்கா, நீங்க முதல்ல உட்காருங்க" என்றார்.

டாக்டரிடம் நீங்கள் வந்ததும் போகலாம். நாளையிலிருந்து பூஜ்ஜியத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி