வாங்க மறுத்த கிதாபு

செவ்வாய்க்கிழமை, இஷாத் தொழுகைக்குப் பின்.

இன்று என் கட்சிக்காரர் நஸீர் விடுதலையானார். சாய்ந்தமருதில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். வீட்டில் அரபுப் புத்தகம் இருந்ததற்காக, பயங்கரவாதச் சந்தேகத்தில் மூன்று வருடம் சிறையில் வைத்திருந்தார்கள். அது அவருடைய வாப்பா ஓதிய துஆக் கிதாபு, வெறும் பிரார்த்தனைப் புத்தகம். அவரைப் பிடித்துச் சென்ற பொலிஸாரில் ஒருவருக்கும் அரபு தெரியாது. முஸ்லிம் அல்லாத ஒருவர் வீட்டில் அது இருந்திருந்தால் எவரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். மொழிபெயர்ப்பு வந்த பிறகு, இன்று வழக்கைக் கைவிட்டார்கள். யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

நீதிமன்ற எழுதுவினைஞர் கிதாபை மேசையில் வைத்துக் கையொப்பம் கேட்டார். நஸீர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு வேணாம் மெடம். நீங்களே வெச்சிக்கோங்க."

"உங்கட வாப்பாட கிதாபுதானே. வழக்கு முடிஞ்சிட்டு. இனி ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

"ஓம், அது உங்களுக்குத் தெரியும். கதவத் தட்டுறவனுக்குத் தெரியுமா?"

பதினெட்டு வருடமாக சட்டத்தைத்தான் நம்பி வாதாடுகிறேன். நானே கையொப்பமிட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அதை அலுமாரியில் வைக்கப் போனேன். ரோட்டுப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. முதலில் அதைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் நானும் பயந்துபோயிருப்பது எனக்கு விளங்கியது.